கரணைக்கிழங்கு என்று நான் சொன்னது

சனிக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு மகள் அந்தப் படத்தை அனுப்பினாள். மண் ஒட்டிய, தட்டையான, நடுவில் குழி விழுந்த ஒரு கிழங்கு. ஒஸ்லோவில் நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஜப்பானில் அவளுக்குப் பின்னேரம். இங்கே நோர்வேயில், துரொண்ட்ஹெய்மில் படிப்பு முடிந்த கையோடு, ஊருக்கு ஊர் மாறும் சாப்பாட்டைத் தேடி ஜப்பானின் மலைக் கிராமங்களுக்குத் தனியாகப் போயிருந்தாள். கரியில் சுட்ட ஆற்றுமீன், முள்ளங்கி ஊறுகாய் என்று நாளுக்கொரு படம் வரும். அன்று தங்கியிருந்தது ஒரு விவசாயப் பெண்ணின் வீட்டில்.

அழைத்தாள். "அப்பா, கொட்டில் முழுக்க இதுதான். இதை அரைச்சு, சாம்பல் நிறத்திலை களி மாதிரி ஒண்டு செய்யினம். ஒரு உருசியும் இல்லை."

"அது கரணைக்கிழங்கு பிள்ளை. அவையளுக்குச் சமைக்கத் தெரியேல்லை."

மனைவி எட்டிப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, படத்தைப் பாத்துச் சொல்லாதேங்கோ."

"எனக்குக் கரணை தெரியாதோ?"

வீட்டுக்காரப் பெண் கடைக்குப் போயிருந்தார். அவர் வருவதற்குள் நம்முடைய கறி ஒன்று வைத்துவிட மகளுக்கு ஆசை. நான் கட்டிக்கொடுத்த கறித்தூள் பையில் இருந்தது. புளி இல்லை, அந்த வீட்டில் இருந்த, உப்பில் ஊறிய ஏதோ புளிப்புப் பழத்தைக் கரைத்து விடச் சொன்னேன். தோல் சீவும்போதே அவள் முறையிட்டாள்.

"கை கடிக்குது அப்பா, ஒரே அரிப்பு."

"கரணை எண்டால் கடிக்கும்தான்."

சந்தேகம் வரவேண்டிய இடத்தில் எனக்கு உறுதி கூடியது. ஒஸ்லோக் காட்டில் பிடுங்கும் காளானைக்கூட, நஞ்சா என்று பார்த்துச் சொல்ல அங்கே இருக்கும் காளான் பரிசோதகரிடம் காட்டாமல் வீட்டுக்குள் விடாதவன் நான்.

பத்தரைக்குக் கறியை இறக்கி, திரையில் என்னைப் பார்த்தபடியே ஒரு துண்டை வாயில் போட்டாள். சிரித்த முகம் அப்படியே நின்றது. தொண்டையைப் பிடித்தாள். கைபேசி விழுந்தது.

"துப்பு! தண்ணியாலை கொப்பளி!"

திரையில் கூரை மட்டும் தெரிந்தது. இருமல் கேட்டது. பிறகு அழைப்பு அறுந்தது.

திரும்பத் திரும்ப எடுத்தேன். பதில் இல்லை. மனைவி தன் கைபேசியோடு வந்தாள்.

"ஆரையெண்டாலும் கூப்பிடுவம். எந்த ஊர்?"

எனக்குத் தெரியாது. இரண்டு வாரமாக அவள் சாப்பிட்ட ஒவ்வொன்றின் படமும் என்னிடம் இருந்தது. எது காரம், எது புளிப்பு என்றெல்லாம் கேட்டிருக்கிறேன். நிற்கும் ஊரின் பெயரை ஒருநாளும் கேட்கவில்லை. இதை எழுதும்போதும் அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்பது போலவே இருக்கிறது.

பதினொன்று ஐந்துக்கு அவளே அழைத்தாள். உதடு வீங்கியிருந்தது, கண் சிவந்திருந்தது. ஆனால் மூச்சு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ரப்பர் சப்பாத்தோடு, கடைப் பையைக்கூடக் கீழே வைக்காமல், வீட்டுக்காரப் பெண் நின்றார்.

"அவ இப்பத்தான் வந்தவா. விழுங்கேல்லை எண்டபடியால் பயமில்லையாம்," என்றாள் கரகரத்த குரலில். "இது கரணை இல்லையாம் அப்பா. அதின்ரை சொந்தக்காரனாம். அவிச்சு, அரைச்சு, சுண்ணாம்பு போட்டால்தான் சாப்பிடலாமாம்."

"என்னை மன்னிக்கச் சொல்லு."

மகள் சொன்னாள். அந்தப் பெண் திரைக்கு அருகே குனிந்து, மிக மரியாதையாக, என்னைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார்.

"என்னவாம்?"

"இஞ்சை காட்டுப்பண்டியள் எல்லாத் தோட்டத்தையும் கிண்டுமாம், இந்தக் கிழங்கை மட்டும் தொடாதாம். அப்பா அடுத்தமுறை கறி வைக்கச் சொல்ல முதல், அதுகளிட்டை ஒருக்காக் கேக்கட்டாம்."