அக்காவின் வியாழக்கிழமைப் பரீட்சை

"உன் இங்கிலீஷ் எல்லாம் பரீட்சைத் தாள்லதான் பேசும். டாக்டர் முன்னாடி போய் நின்னு பாரு, நாக்கு ஒட்டிக்கும்."

அக்காவைக் கட்டிய அத்தான் இதைச் சொன்னது ஆயர் ஈத்தாம் பாசாரில், சந்தைக்குள் இருக்கும் தன் தேத்தண்ணிக் கடையில், பத்துப் பேர் கேட்கும்படி. எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். ஆனால் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் ஐந்தாம் படிவம் வரை பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். பீச் ஸ்திரீட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் டைப் அடிக்கிறேன். அக்கா மூன்றாம் வகுப்போடு நின்று தங்கையான என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள். அவள் இரண்டாவது முறை உண்டானபோது, டாக்டரிடம் பேச நானே வருகிறேன் என்று முந்திக்கொண்டேன். அக்காவின் மலாய் மீன் வாங்கப் போதும். அதற்கு மேல் போகாது.

நான் முந்திக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. மூத்தவன் பிறந்தபோது நாலரை கிலோ. பிரசவத்தில் அவன் தோள் சிக்கிக்கொண்டு, அக்கா பாதி உயிராகித்தான் மீண்டாள். பிறந்த சில மணி நேரத்தில் பிள்ளைக்கு ரத்தத்தில் சீனி இறங்கிவிட்டதென்று கண்ணாடிப் பெட்டிக்குள் ஐந்து நாள் வைத்திருந்தார்கள். டாக்டர் ஏதோ விளக்கினாராம். புரிந்துகொள்ள அங்கே ஆள் இல்லை. நான் அப்போது மூன்றாம் படிவம், பள்ளியில் இருந்தேன். வயிற்றைப் பார்த்தவர்களெல்லாம் ராஜா மாதிரி பிள்ளை என்று சொல்லிச் சொல்லிக் கண்ணு பட்டுவிட்டது என்று வீட்டில் முடிவாகியது. அம்மா மிளகாய் சுற்றிப் போட்டார்.

இந்த முறை சீனித் தண்ணீர் குடிக்கவைத்து ரத்தம் எடுத்தார்கள். அளவு அதிகம். டாக்டர் இளம்பெண், ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். கர்ப்பத்தில் வருகிற சீனி இது. தாயின் ரத்தத்திலுள்ள சீனி பிள்ளைக்கும் போகும். பிள்ளை அளவுக்கு மீறிப் பெருக்கும். பிறந்ததும் அந்த வரத்து நின்றுபோக, பிள்ளைக்குச் சட்டென்று சீனி இறங்கும். தாய்க்கும் ரத்த அழுத்தம் ஏறலாம். தேத்தண்ணியில் ஊற்றுகிற இனிப்புப் பால் டின்னை நிறுத்தணும், சோற்றைக் குறைக்கணும், சாப்பிட்டபின் நடக்கணும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வியாழக்கிழமை காலை வந்து ரத்தம் கொடுக்கணும்.

அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். முதல் முறை ரத்தம் நன்றாக வந்தது. இரண்டாம் முறையும். தாதி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"நீ மட்டுந்தான் பாஸ் பண்ணுவியா?" என்றாள் அக்கா பஸ்ஸில்.

எனக்கும் பெருமைதான்.

மூன்றாவது முறைக்கு முந்தின நாள், புதன்கிழமை, வேலை முடிந்து அவள் ஃபிளாட்டுக்குப் போனேன். தட்டில் பாகற்காய். சோறு இல்லை. பக்கத்தில் கறுப்புக் கோப்பி.

"என்னக்கா இது?"

"நாளைக்குக் கிளினிக் லா."

"நேத்து என்ன சாப்பிட்ட?"

"நேத்தா? அத்தான் கடையிலேர்ந்து மூணு கிளாஸ் தே அனுப்பினாரு. பால் நிறைய ஊத்தி. பாவம், ஆசையா அனுப்புறாரு." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "ஏன் முறைக்கிற? நீ மட்டும் வருஷம் பூராவா படிச்ச? பரீட்சைக்கு முதல் நாள்தானே விழுந்து விழுந்து படிப்ப?"

அவள் சொன்னது உண்மை.

"டாக்டர்கிட்ட மூச்சு விட்ட, தொலைச்சுடுவேன்," என்றாள்.

மறுநாள் டாக்டர் நாடாவை வைத்து வயிற்றை அளந்தார். மறுபடியும் அளந்தார். மாதக் கணக்குக்கு வயிறு பெரிது, ஆனால் ரத்தம் சுத்தமாக இருக்கிறதே என்று தாளைப் பார்த்தார். தான் சொன்னபடிதான் தினமும் சாப்பிடுகிறாரா என்று கேட்டார். அதை அக்காவிடம் தமிழில் சொன்னேன்.

"தினமும் அப்படித்தான்னு சொல்லு," என்றாள் அக்கா.

எனக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டி ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தேன். புதன்கிழமைப் பாகற்காய், மற்ற நாள் தே, பால் டின், எல்லாம் ஆங்கிலத்தில் வந்து விழுந்தது. நாக்கு எங்கேயும் ஒட்டவில்லை.

"நான் சொன்னது மூணு வார்த்தை. நீ என்ன இவ்வளவு நேரம் சொல்ற?" என்று அக்கா என் கையைக் கிள்ளினாள்.

டாக்டர் அவள் பக்கம் திரும்பி, ஒரு பால் டின் எத்தனை நாளுக்கு வரும் என்று மலாயில் மெல்லக் கேட்டார். இந்த மலாய் அக்காவுக்கு நன்றாகவே புரிந்தது.

இனி வியாழக்கிழமை கிடையாது, எந்த நாள் என்பதை அக்காவிடம் அன்று காலையில்தான் சொல்ல வேண்டும் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். பஸ்ஸில் அக்கா வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நேராகக் கடைக்குப் போனேன். கூட்டம் குறைந்த நேரம் பார்த்து, மூத்தவனுக்கு என்ன நடந்தது என்று அத்தானிடம் விளக்கமாகச் சொன்னேன். தே ஆற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"அப்போ அது கண்ணு இல்லையா? நான் ஊத்தின பாலா?"

"பால் மட்டும் இல்ல அத்தான். அவ உடம்புக்கு அப்படி. உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. இனிமே ஊத்தாதீங்க, அவ்வளவுதான்."

அன்று சாயங்காலமே அவர் கையால் அக்காவுக்குச் சீனி, பால் இல்லாத தே ஓ போனது. "இப்படிக் கலக்கினேன்னு வெளியில சொல்லிடாத, மானம் போயிடும்," என்றார் என்னிடம். தினமும் சாப்பிட்டபின் ஃபிளாட்டைச் சுற்றி நாலு சுற்று, இடுப்பில் கட்டிய சாரத்தோடு அவரே அக்காவைக் கூட்டிக்கொண்டு நடந்தார். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் கதவைத் தட்டினேன். "வந்துட்டா போலீஸ்காரி," என்றபடி அக்கா செருப்பை மாட்டினாள். அன்றைய ரத்தம் நன்றாக இருந்தது. முந்தின நாள் அவள் சாப்பிட்டது வழக்கமான சாப்பாடுதான்.

பெண் பிள்ளை. மூன்று கிலோ சொச்சம். சிக்கல் ஒன்றும் இல்லை. குதிகாலில் குத்தி ரத்தம் பார்த்தார்கள். சீனி சரியாக இருந்தது, நேரே அக்கா மார்பில் போட்டார்கள். பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரம்மா, "என்ன, இளைச்சுப் பொறந்திருக்கே?" என்றார்.

"இளைக்கல. அளவாப் பொறந்திருக்கா," என்றாள் அக்கா.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும்போது தாதி என்னிடம் ஒன்று சொன்னார். ஆறு வாரம் கழித்து அக்கா மறுபடி சீனித் தண்ணீர் குடித்து ரத்தம் கொடுக்க வேண்டும். சிலருக்கு அந்தச் சீனி போகாமல் தங்கிவிடும். சீனி போனவர்களுக்கும் சில வருஷத்தில் திரும்ப வரலாம்.

"பிள்ளைதான் வெளியில வந்துடுச்சே, இன்னும் என்ன சீனி?" என்கிறாள் அக்கா. "எனக்கு ஒண்ணும் இல்ல லா. நீ வேலையைப் பாரு."

ஆறு வாரம் முடிகிறது. வருகிற திங்கட்கிழமை காலைக்குக் கிளினிக்கில் அவள் பெயரைப் பதிந்துவிட்டேன். அன்று கடையைத் தாமதமாகத் திறப்பதாக அத்தான் சொல்லியிருக்கிறார். என் லீவு கடிதத்தில் மேனேஜர் இன்று மத்தியானம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.