கோந்து மாமா ஒட்டி மறைத்த உரிமை

இந்த நாட்டின் அரசியல் சட்டத்தை மாற்ற வேண்டுமானால் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு பேர் கை தூக்க வேண்டும். கோந்து மாமாவுக்கு ஒரு கை போதும். அதுவும் பிரஷ் பிடித்த கை. எத்தனையோ பிரதமர்கள் வந்தார்கள், போனார்கள். அவர்கள் தொண்டை கிழியக் கத்தி நிறைவேற்றிய திருத்தம் ஒவ்வொன்றும் கடைசியில் மாமாவின் மேசைக்கு வந்து, அவர் மனது வைத்து மைதாப் பசை தடவிய பிறகுதான் சட்டமானது. அவர் ஒரு நாள் லீவு போட்டால் நாடே பழைய சட்டத்தில் ஓடியது. இப்படி ஓர் அதிகாரம் எந்த ராஜாவுக்கும் இருந்ததில்லை.

சரி, கொஞ்சம் இறங்கி வருவோம்.

மாமா வேலை பார்ப்பது நீதிமன்ற வளாகத்து நூலகத்தில். தற்காலிக உதவியாளர். சட்டம் திருத்தப்படும்போதெல்லாம் புதுப் புத்தகம் வாங்கிக்கொண்டிருக்க முடியாது. அதனால் மாறிய வரிகளை மட்டும் சின்னச் சின்னச் சீட்டாக அச்சடித்து அரசு அச்சகம் அனுப்பும். அந்தத் திருத்தச் சீட்டைக் கத்தரித்து, பழைய வரியின் மேல் பிசகாமல் ஒட்ட வேண்டும். நூலகத்தில் அரசியல் சட்டம் ஐந்து பிரதிகள். ஐந்திலும் ஒட்டினால்தான் ஒரு திருத்தம் முடிந்த மாதிரி. வக்கீல்கள் வைத்த பெயர்தான் ‘கோந்து’. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் மாமா எந்த வேலையிலும் தங்கியதில்லை. உட்கார வராது என்பதுதான் அவருடைய ஒரே வியாதி. பத்தாவதோடு அவரும் பள்ளிக்கூடமும் ஒருவரை ஒருவர் கைவிட்டார்கள். பிறகு ஒரு கட்டடத்தில் லிஃப்ட் இயக்கும் வேலை கிடைத்தது. பெட்டிக்குள் சும்மா நிற்க முடியாமல், ஆட்களை ஏற்றிப் பொத்தானை அமுக்கிவிட்டு, இவர் படியில் ஓடி மேல்மாடியில் மூச்சிரைக்கக் கதவருகே நின்று “வாங்க சார்” என்றார். இரண்டு பேர் பயந்தே போனார்கள். அந்த வாரத்தோடு அந்த வேலை சரி.

ஆனால் பிரஷும் சீட்டும் கைக்கு வந்துவிட்டால் மாமாவின் கால் ஆடுவது நிற்கும். மூச்சுகூட மெதுவாகும். ஒட்டி முடித்துத் துணியால் ஒற்றி எடுத்ததும் கால் மறுபடி தாளம் போடத் தொடங்கும்.

இத்தனை வருடம் கழித்து, இப்போதுதான் அவரை நிரந்தரமாக்கும் பேச்சு வந்திருக்கிறது. நூலகர் மேடம் பரிந்துரை எழுதித் திங்கட்கிழமை மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். “வேலையில ஒரு பிழைகூட இல்லைன்னு எழுதியிருக்கேன். கையெழுத்து மட்டும்தான் பாக்கி” என்று அவரே சொல்லிவிட்டார். மாமாவுக்கு நாலு இடத்தில் பெண் பார்த்து, நாலு இடத்திலும் “வேலை நிரந்தரமா?” என்று கேட்டுக் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். அக்கா வீட்டின் முன்னறையில், தையல் மெஷினுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் பாய் விரித்துப் படுக்கிற மனிதருக்கு அந்தக் கையெழுத்து எவ்வளவு பெரியது என்று விளக்க வேண்டியதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் கொசு நூலகத்துக்கு வந்தாள்.

கொசு என்பது அக்கா மகள். காதருகே வந்து ரீங்கரித்துக்கொண்டே இருப்பாள், அடிக்கக் கை ஓங்கினால் அங்கே இருக்கமாட்டாள் என்பதால் மாமா வைத்த பெயர். வகுப்பில் கடைசி பெஞ்ச். தலைமையாசிரியர் நாற்காலியில் மிளகாய்ப்பொடி தூவியது யார் என்று இன்றுவரை பள்ளிக்குத் தெரியாது, வீட்டுக்குத் தெரியும். அவளுக்குப் பள்ளியில் ஒரு ப்ராஜெக்ட் கொடுத்திருந்தார்கள்: அரசியல் சட்டத் திருத்தங்களும் தனிமனித உரிமைகளும். அதோடு, சட்டத்தோடு தொடர்புள்ள ஒருவருடைய வாழ்க்கையையும் எழுத வேண்டும். மற்றவர்கள் நீதிபதி, வக்கீல் என்று ஓட, இவள் சோம்பேறித்தனமாக மாமாவைப் பிடித்தாள். நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அந்தப் புண்ணியவதியின் கைவரிசைதான்.

பொதுமக்கள் மேசையில், யாரும் எடுத்துப் போகாதபடி கயிற்றால் கட்டி வைத்திருக்கும் பிரதியைப் புரட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று கூப்பிட்டாள்.

“மாமா, உங்க சட்டத்துல ஒரு உரிமையைக் காணோம்.”

“நல்லாப் பாரு. உன் கண்ணுக்குப் பரிட்சைத் தேதியே தெரியாது.”

“நிஜமா மாமா. போலீஸ் பிடிச்சா எதுக்குப் பிடிச்சோம்னு காரணம் சொல்லணுமாம். எங்க பாடப் புத்தகத்துல இருக்கு. இங்க அந்த இடத்துல துறைமுக வரின்னு என்னவோ இருக்கு.”

மாமா சிரித்துக்கொண்டே வந்தார். குனிந்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. துறைமுக வரிச் சீட்டு இருக்க வேண்டியது எதிர்ப்பக்கத்தில், அதே உயரத்தில். அது பக்கம் மாறி, கைதானவனுக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்ற பிரிவின் மேல் அழகாக, ஓரம்கூடத் தூக்காமல் உட்கார்ந்திருந்தது.

அவர் விறுவிறுவென்று போய் மற்ற நாலு பிரதிகளையும் எடுத்துப் பார்த்தார். நாலிலும் சரியாக இருந்தது.

“அச்சகத்துல தப்பு” என்றார்.

“அச்சகத்துக்காரன் வந்தா ஒட்டினான்?”

“வாயை மூடு.”

கொசு அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். சீட்டுக்கு அடியில் பழைய எழுத்துகள் நிழலாகத் தெரிந்தன. “உள்ளதான் இருக்கு மாமா. பத்திரமா இருக்கு” என்றாள், அவரைச் சமாதானப்படுத்துகிற குரலில்.

மேடம் அன்று சீக்கிரமே கிளம்பியிருந்தார். காவலாளி சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வந்து எல்லோரையும் வெளியே அனுப்பினான். இனித் திங்கட்கிழமைதான் திறப்பார்கள்.

அந்த இரண்டு நாளும் வீட்டில் யாருக்கும் நிம்மதியில்லை. மாமா கதவுக்கு எண்ணெய் போட்டார். முனகாத கதவுக்கும் போட்டார். அக்காவின் நூல்கண்டுகளை நிறவாரியாக அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கினார். கடைக்குப் போகிறேன் என்று கிளம்பி வெறுங்கையோடு வந்தார். பூட்டிக் கிடக்கும் நூலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்திருக்கிறார் என்பது செருப்பில் ஒட்டியிருந்த நீதிமன்றத்துச் செம்மண்ணில் தெரிந்தது.

“டேய், ஒரு இடத்துல உக்காருடா. உன்னைப் பார்த்தா என் மெஷின் ஊசியே இடம் மாறுது” என்றாள் அக்கா.

“உக்காந்துதானே இருக்கேன்.”

“எங்க? உன் முட்டி நிக்குது பாரு, அது உக்காரவே இல்ல.”

கொசு அவரை மொட்டைமாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். துணிக்கொடிக்கு நடுவே நின்று திட்டம் சொன்னாள். “ரொம்ப சிம்பிள் மாமா. திங்கட்கிழமை மேடம் வர்றதுக்கு முன்னாடி கெட்டில்ல தண்ணி கொதிக்க வச்சு, ஆவியில பக்கத்தைக் காட்டினா சீட்டு தானா வந்துடும். எதிர்ப்பக்கத்துல ஒட்டிடுங்க. கதை முடிஞ்சது.”

மாமா ஒரு துணிகிளிப்பை எடுத்துத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார்.

“ஒரு அம்மா வந்தாங்க கொசு” என்றார்.

“எப்போ?”

“எத்தனையோ வருஷம் இருக்கும். மகனைப் போலீஸ்ல கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னு வந்தாங்க. அந்த மேசையில உக்காந்து விரலை வச்சு ஒவ்வொரு வரியாப் படிச்சாங்க. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவங்க. மத்தியானம் வரைக்கும் படிச்சாங்க. அப்புறம் என்கிட்ட வந்து, ‘தம்பி, எதுக்குக் கூட்டிட்டுப் போறோம்னு அவங்க சொல்லணும்னு இதுல எங்கயாவது இருக்கா?’ன்னு கேட்டாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“அதுல இல்லைன்னா இல்லைம்மான்னு சொன்னேன்.”

துணிகிளிப் அவர் கையில் உடைந்தது.

“அது இந்தச் சீட்டு ஒட்டினதுக்கு முன்னாடியா இருக்கும் மாமா.”

“முன்னாடின்னா அந்த அம்மா படிச்சப்பவே அந்த வரி கண்ணுல பட்டிருக்கும்.”

கொசு உடைந்த கிளிப் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினாள். வக்கீல்கள் தங்கள் சொந்தப் புத்தகத்தைப் பார்ப்பார்கள். அந்த மேசைப் பிரதியைத் தொடுவது வேறு வழியில்லாதவர்கள்தான். அதில் என்ன இருக்க வேண்டும் என்று முன்பே தெரியாதவர்கள். அதனால்தான் இத்தனை வருடமும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த நினைப்பு வந்ததும் மாமா மாடிப்படியில் இறங்கி, ஏறி, மறுபடி இறங்கினார்.

“ஆவியில காட்டி எடுத்துட்டா நல்லதுதானே?” என்று படியில் துரத்திக்கொண்டே கேட்டாள் அவள்.

“எடுத்துடலாம். இதே மாதிரி இன்னும் எத்தனை இருக்குன்னு யாருக்குத் தெரியும்? அலமாரி அலமாரியா என் கைதான் ஒட்டியிருக்கு.”

“அதை நிரந்தரம் ஆனப்புறம் பாத்துக்கலாமே!”

“ஆனப்புறம் பாப்பேனா?”

கொசு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை மாமா சட்டையைப் பொத்தான் மாற்றிப் போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தார். மேடம் அறைக்கு வெளியே நின்றார். உள்ளே போகக் கால் வரவில்லை, நிற்கவும் வரவில்லை. வராந்தாவின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தார். கடைசியில், புத்தகத்தைக் காட்டாமல் பேசினால் வாய் குழறும் என்று தோன்றி, பொதுமக்கள் மேசைக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்து அந்தப் பிரதியை எடுத்து வந்தார்.

திரும்பி வந்தபோது அறைக்குள் யாரோ பேசும் சத்தம். எட்டிப் பார்த்தார். பள்ளிச் சீருடையில், இரட்டைப் பின்னலோடு, முகத்தைப் பரம சாதுவாக வைத்துக்கொண்டு கொசு நின்றாள்.

“நான்தான் மேடம் ஒட்டினேன். சும்மா விளையாட்டுக்கு. மாமா கத்தரிச்சு வச்சிருந்தார், அவர் டீ குடிக்கப் போனப்ப எடுத்து வேற பக்கத்துல ஒட்டிட்டேன்.”

“எப்போ?”

“போன... போன லீவுல.”

மேடம் மூக்குக்கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். இவளுடைய புகழ் நூலகம் வரை எட்டியிருந்தது. போன வருடம் ‘அமைதி காக்கவும்’ பலகையில் ‘காக்கை’ படம் வரைந்ததும் இவள்தான் என்பது அவருக்குத் தெரியும். நம்புவதற்கு அவருக்குக் கஷ்டமே இருக்கவில்லை.

“இது என்ன வயசுக்கு விளையாட்டு? இனி இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது. உங்க பள்ளிக்கும் எழுதுவேன்” என்றார். பிறகு வாசலில் நின்ற மாமாவைப் பார்த்துக் குரலைத் தணித்தார். “புத்தகத்தை அங்க வைங்க. நல்ல வேளை, உங்க தப்பு இல்ல. அந்தச் சீட்டை எடுத்துச் சரி பண்ணிடுங்க. இந்தாங்க, உங்க கோப்புதான்.” பேனாவைத் திறந்தார்.

மாமா பேனாவைப் பார்த்தார். எவ்வளவு சின்னப் பேனா. அது இரண்டு அங்குலம் இறங்கினால் போதும். பெண் வீட்டார் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு போகமாட்டார்கள். அக்கா வீட்டு முன்னறையில் அந்தப் பாய்க்கு விடுதலை. பக்கத்தில் கொசு கண்ணைச் சிமிட்டாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது. இப்படித் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு நிற்கிற அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், இரண்டு நாளாக மனதுக்குள் தேடியும் கிடைக்காத, அந்தச் சீட்டை ஒட்டிய நாள் அவருக்குச் சட்டென்று கிடைத்தது.

“கையெழுத்துப் போடாதீங்க மேடம்” என்றார். “அது என் கை ஒட்டினது. ஓரத்தைப் பாருங்க, பிசிறு இல்ல. இவ நோட்டுக்கு அட்டை போட்டாலே நாலு மூலையும் நாலு பக்கம் போகும். இதே மாதிரி வேற எங்க ஒட்டியிருக்கேன்னு தெரியல. எல்லாத்தையும் எடுத்துப் பாக்கணும்.”

“மாமா, சும்மா இருங்க!” என்று பல்லைக் கடித்தாள் கொசு. “அவர் என்னைக் காப்பாத்தப் பொய் சொல்றார் மேடம்.”

மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவை மூடினார். கோப்பின் நாடாவைக் கட்டி மேசை இழுப்பறைக்குள் வைத்துச் சாவியைத் திருப்பினார். “எல்லாப் புத்தகமும் பாத்து முடியட்டும். அதுவரைக்கும் இது இங்கயே இருக்கும்” என்றார். “ஆனா ஒண்ணு தெரியணும். ரெண்டு பேர்ல யாரோ ஒருத்தர் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்றீங்க. யாரு?”

“நான்தான் ஒட்டினேன். சத்தியமா” என்றாள் கொசு.

இரண்டு நாளில் முதல்முறையாக மாமாவின் கால் ஆடாமல் நின்றது. அவர் புத்தகத்தை மேசைமேல் விரித்து வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

“இந்தச் சீட்டு வந்த அன்னைக்கு நாலு பிரதி ஒட்டி முடிச்சேன். அஞ்சாவதுக்குப் பசை தடவினப்ப இந்த மேசையில போன் அடிச்சுது. ஆஸ்பத்திரியிலேருந்து. ‘உங்க அக்காவுக்குப் பொண்ணு பிறந்திருக்கு’ன்னாங்க. எந்தப் பக்கத்துல அழுத்தினேன்னுகூடப் பாக்காம ஓடினேன். நான் வந்து சேர்றப்ப நீ தொட்டில்ல கிடந்து ஊரைக் கூட்டிட்டிருந்த. ஏண்டி, அந்த இடைவெளியில தொட்டில்லேருந்து இறங்கி, இவ்வளவு தூரம் நடந்து வந்து ஒட்டிட்டு, மறுபடி போய்ப் படுத்துக்கிட்டியா?”