எட்டாம் ரீலும் ஒரு வாளித் தண்ணீரும்

சினிமா ஆபரேட்டர் வேலையில் ஒரு விசேஷம், படம் ஒழுங்காக ஓடினால் நடிகனைக் கொண்டாடுவார்கள், அறுந்தால் மட்டும் நம்மைப் பெற்றவளை நினைத்துக்கொள்வார்கள். டென்ட் கொட்டகையில் கார்பன் புகை குடித்து வாழ்ந்தவர் யாராவது இதைப் படித்தால், நான் சொல்லாமலே அவருக்கு முதுகு வியர்க்கும். மற்றவர்களுக்குத்தான் இந்த விளக்கமெல்லாம்.

ஐம்பத்து நாலாம் வருஷம். எங்கள் ஊர்கள் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன. தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி ஊரே கொந்தளித்துக்கொண்டிருந்தது. சந்தையில் நாலு பேர் நின்று பேசினால் போலீஸ் லாரி வந்து நிற்கும். அந்த நேரம் பார்த்து எங்கள் முதலாளி ஒரு சிரிப்புப் படத்தைக் கொண்டுவந்து இறக்கினார்.

ஒரு படம், இரண்டு கொட்டகை

முதலாளிக்குக் கருங்கல் சந்தைப் பக்கம் ஒரு கொட்டகை, இனயம் கடற்கரையில் ஒரு கொட்டகை. ஆனால் வாடகைக்கு எடுப்பது ஒரே ஒரு பிரதிதான். கருங்கல்லில் பொழுது சாய்ந்ததும் ஆரம்பிப்பார்கள். ஐந்து ரீல் ஓடி முடிந்ததும் அதைத் தகர டப்பாக்களில் போட்டு, சைக்கிளில் கட்டி, செல்லையன் நாலு மைல் மிதித்து இனயத்தில் இருக்கும் என்னிடம் கொண்டுவருவான். நான் அதை ஓட்டிக்கொண்டிருக்கும்போது அவன் திரும்பிப் போய் அடுத்த ஐந்தை எடுத்து வருவான். ஒரு படத்துக்கு மூன்று நடை. அவன் சைக்கிள் பஞ்சர் ஆனால் என் தலையில் கடற்கரை மணல் வந்து விழும்.

நெட்டையான ஆள், முப்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டான். ஒருநாள் அவனுக்குக் கட்டன் சாயா வாங்கிக் கொடுத்து, “இத்தனை படம் சுமக்கிறாயே, ஒன்றையாவது முழுசாகப் பார்த்திருக்கிறாயா?” என்று கேட்டேன். சாயாவை ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சைக்கிளை எடுத்தான்.

“கருங்கல்லுல வில்லன் அவள தூக்கிட்டுப் போவான் அண்ணாச்சி. நான் இஞ்ச வந்து சேரும்போ அவளுக்குக் கல்யாணம் நடக்கும். எடையில உள்ளதெல்லாம் எனக்க சைக்கிள் பெட்டியிலதான் கெடக்கு.”

ஒன்பது முந்தியது

படத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். ஒரு ராஜா. சந்தையில் பூசணிக்காய் விற்கும் ஒருவனுக்கும் அதே முகம். அரண்மனைச் சேனாபதி ஒரு மடையன். ராஜாவைப் பூசணிக்காய்க்காரன் என்று விரட்டுவான், பூசணிக்காய்க்காரனை ராஜா என்று கும்பிடுவான், எதிரி ஒற்றன் என்று இரண்டு பேரையும் அடிப்பான். நடுநடுவே எல்லோரும் பூசணிக்காயில் வழுக்கி விழுவார்கள்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, டப்பா மேல் எழுதியிருந்த எண் அழிந்துபோய், ஏழாவதை ஓட்ட வேண்டிய இடத்தில் ஒன்பதாவதை மாட்டிவிட்டேன். பாதியில்தான் தெரிந்தது. சிறையில் கிடக்க வேண்டியவன் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறான்! எப்போது கல் வரும் என்று கேபின் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல் வரவில்லை. கைதட்டல்தான் வந்தது. படம் விட்டதும் தினமும் வருகிற மிக்கேல், வலைக்காரர், நேரே கேபினுக்கு வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாய் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“மூணு நாளா பாத்து ஒண்ணும் வெளங்கல்ல, ஆபரேட்டரே. இன்னைக்குத்தான் கத நேரா வந்துது.”

செல்லையன் வரவில்லை

அதற்கு மறுநாள் காலையில் கருங்கல் பக்கம் ஒரு பாலத்தடியில் யாரோ வெடி போட்டார்கள். ஆளுக்குச் சேதமில்லை. ஆனால் போலீஸுக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. தினமும் சாயங்காலம் ஒரு நெட்டையன் வட்ட டப்பாக்களைக் கட்டிக்கொண்டு தலைதெறிக்கச் சைக்கிளில் போகிறான் என்று எவனோ போய்ச் சொல்லியிருக்கிறான். இதொன்றும் எனக்குத் தெரியாது. முதல் ஐந்து ரீலை ஓட்டி முடித்துவிட்டு அடுத்த நடைக்காகக் காத்திருந்தேன்.

பத்து நிமிஷம் சோப்பு விளம்பர ஸ்லைடு போட்டேன். இன்னொரு பத்து நிமிஷம் “அமைதி காக்கவும்” ஸ்லைடு போட்டேன். அதைப் பார்த்தபிறகுதான் சத்தம் கூடியது. முன்வரிசையில் பெஞ்சு சரிந்தது. கேபின் கதவுக்கு உள்ளே தாழ் கிடையாது, முதுகைக் கொடுத்து நின்றேன். வெளியே யாரோ இடித்தார்கள். நான் திறக்கவில்லை. பிறகு மிக்கேலின் குரல் கேட்டது. அன்று அவர் கருங்கல் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார், மூச்சிரைத்தது.

“கதவத் தொறயும், நம்ம செல்லையன போலீசு பிடிச்சு தென்னையில கெட்டியிருக்கு! ஒரு டப்பாவத் தொறந்து வாளித் தண்ணியில முக்கி வச்சிருக்கான், வெடிகுண்டாம்!”

ஒத்துக்கொண்டவன்

காலையில் முதலாளியைத் தேடினேன். அவருக்கு வயிற்றுவலி, வைத்தியரைப் பார்க்க மயிலாடிக்குப் போயிருப்பதாக வீட்டில் சொன்னார்கள். இங்கே இல்லாத வைத்தியரா மயிலாடியில்? திட்டிக்கொண்டே ஸ்டேஷனுக்கு நான் மட்டும் போனேன். செல்லையன் லாக்கப்பில் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். ஒரு கண் மூடிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, ஸ்டேஷன் என்றுகூடப் பார்க்கவில்லை.

மேஜைக்குப் பக்கத்தில் வாளி. அதற்குள் எட்டாம் ரீல். மற்ற நாலு டப்பாவும் திறந்து கிடந்தன. அவற்றுக்கு ஒரு முழம் தள்ளி நின்று ஹெட் கான்ஸ்டபிள் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்து பிலிம் பஞ்சைவிட வேகமாகப் பற்றும். பற்றினால் தண்ணீருக்கும் அணையாது. “ஐயா, பீடி!” என்று நான் கத்தின கத்தில் அவர் பீடியை எறிந்துவிட்டு லாத்தியை எடுத்தார்.

இன்ஸ்பெக்டர் நெய்யாற்றின்கரைக்காரர், பேச்சில் பாதி மலையாளம். பிலிம் என்று நான் சொன்னதை அவர் மறுக்கவில்லை. வாளியிலிருந்து ஒரு முனையை இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஒருவனைத் தூணில் கட்டிவைத்து, தொப்பி போட்ட ஒருவன் அடிக்கிறான். போலீஸ் அடிப்பதைப் போராட்டக்காரர்கள் படம் பிடித்து ஊர் ஊராகக் காட்டுகிறார்கள் என்பது அவர் சந்தேகம். தொப்பி இல்லை, அது கிரீடம் மாதிரி ஒன்று, சேனாபதி போட்டிருப்பது என்று சொன்னேன். எனக்கே நம்பும்படியாக இல்லை. போதாததற்கு, இரவு அடி பொறுக்கமாட்டாமல் “ஆமா, வெடிகுண்டுதான்” என்று செல்லையன் சொல்லிவிட்டிருக்கிறான். கடைசியில் இன்ஸ்பெக்டர் ஒரு வழி சொன்னார்.

“இன்னைக்கு வைகிட்டு, படம் தொடங்கும்போ, இதே துண்டை நான் திரையில் காணணும். ஓடலையெங்கில், அவன் ஒத்துக்கிட்டது தன்னே கேசு.”

வலைக் கயிற்றில் ஆயிரம் அடி

நனைந்த பிலிம் சுருளோடு காய்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படம் தோலாக உரிந்து வரும். அதனால் வாளியோடு வாங்கிக்கொண்டேன். காவலுக்கு ஒரு கான்ஸ்டபிள் கூட வந்தார். ஆயிரம் அடி நாடாவை எங்கே போட்டுக் காயவைப்பது? வெயில் பட்டால் வளைந்துவிடும், மணல் பட்டால் கீறிவிடும். மிக்கேல் தன் வலைகளைக் கழற்றி எடுத்துவிட்டு, தென்னைகளுக்கு நடுவே கயிற்றை ஆள் உயரத்துக்கு இழுத்துக் கட்டினார். முழம் முழமாக அதில் போட்டோம்.

செல்லையன் மனைவி ஞானம்மா பழைய நேரியல் மேல்துணியோடு வந்தாள். கண்ணுக்கு மை இடுகிற மாதிரி அழுத்தாமல் துடைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். ஒருதடவை சொன்னால் போதும், பிடித்துக்கொண்டாள். ஏழு இடத்தில் படம் உரிந்திருந்தது. அதை வெட்டி ஒட்டினேன். நாலு மணிக்குக் காற்று திரும்பி மணலை வாரிக்கொண்டு வந்தது. வெளுப்புத் துணி, படுதா என்று கையில் கிடைத்ததையெல்லாம் பிடித்துக்கொண்டு சுற்றி நின்றோம். காவலுக்கு வந்த கான்ஸ்டபிளும் ஒரு ஓரத்தைப் பிடித்தார். ஞானம்மா அவர் காதில் விழாமல் என்னிடம் கேட்டாள்.

“இது ஓடல்லேண்ணா அவிய வரமாட்டாவ, அப்படித்தானே அண்ணாச்சி?”

எட்டாம் ரீல்

சாயங்காலம் கொட்டகையில் கால்வைக்க இடமில்லை. ஒரே ஒரு நாற்காலி, அதில் இன்ஸ்பெக்டர். செல்லையனை இடுப்பில் கயிற்றோடு கொண்டுவந்து கேபின் வாசலில் நிறுத்தினார்கள். கயிற்றின் மறுமுனை ஹெட் கான்ஸ்டபிள் கையில். நான் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சியை மூட்டினேன்.

முதல் இரண்டு நிமிஷம் ஓடியது. பிறகு ஒட்டுப்போட்ட இடம் ஒன்று லென்சுக்குப் பின்னால் இருக்கும் பிலிம் கதவில் சிக்கி நின்றது. திரையில் சேனாபதியின் மூக்கு பழுப்பாகி உருகத் தொடங்கியது. வெளிச்சத்தை மறைத்து, பிலிமைப் பிய்த்து, மறுபடி மாட்டி ஓட்டினேன். விரல் வெந்ததுகூட அப்புறம்தான் தெரிந்தது.

அடுத்துதான் எனக்கு உயிர் போகிற இடம். பூசணிக்காய்க்காரனைத் தூணில் கட்டிவைத்துச் சேனாபதி கேட்பான், “நீ யார்?” “பூசணிக்காய் விற்கிறவன்.” சாட்டையடி. “உண்மையைச் சொல்!” “பூசணிக்காய் விற்கிறவன்.” அடி. மூன்றாவது அடியில் அவன், “சரி, நான்தான் ராஜா!” என்பான். உடனே சேனாபதி அவன் காலில் விழுவான். இதை இன்ஸ்பெக்டர் முகத்துக்கு நேரே நான் எப்படிக் காட்டுவது? கையில் கிடைத்த ஓர் அட்டையை எடுத்து லென்சுக்கு முன்னால் நீட்டிவிட்டேன். திரை இருண்டது. கூட்டத்தின் கூச்சலையும் மீறி இன்ஸ்பெக்டரின் குரல் கேட்டது. “எடோ, எதை ஒளிக்கிறாய்?”

அட்டையை எடுத்தேன். முதல் அடி விழுந்தது. எல்லோர் கண்ணும் அந்த நாற்காலி மேல். இரண்டாவது அடி. மூன்றாவது. சேனாபதி காலில் விழுந்தான், எழுந்திருக்கும்போது பூசணிக்காயில் வழுக்கினான். முதலில் சிரித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? இன்ஸ்பெக்டர். தொடையில் அடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்குச் சிரிக்கத் தைரியம் வந்தது. ரீல் முடிந்ததும் கேபினுக்கு வந்து கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். “எந்தொரு மண்டன் சேனாபதி! என் ஸ்டேஷனில் இப்படி ஒருத்தன் உண்டெங்கில் அன்னைக்கே வேலையில் நின்னு பிரிச்சு விட்டிருப்பேன்” என்று என் தோளைத் தட்டினார்.

வாசலில் ஞானம்மா நின்றிருந்தாள். செல்லையன் அவளிடம் போகவில்லை. திரை வெள்ளையாகிவிட்ட பிறகும் திறந்திருந்த ஒரு கண்ணால் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் கொடுத்தேன். வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னான்.

“குடுத்து வச்ச பய, அண்ணாச்சி. மூணு அடியில விட்டுட்டானுவ பாத்தியளா?”

என் சர்வீஸில் எத்தனையோ சிரிப்புப் படங்களை ஓட்டிச் சிரித்திருக்கிறேன், சிரிக்க முடியாமல் போன ரீல் அந்த ஒன்றுதான், அதையும் மறுநாள் இன்ஸ்பெக்டர் குடும்பத்தோடு வந்து இரண்டாம் தடவை போடச் சொன்னார்.