ஜெமிமாவுக்கு ஜோடி பார்க்க வந்தவர்கள்

ஆகஸ்ட் மாதத்தில், அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தை ஒட்டிய சுகர் லேண்டில் கார் கதவைத் திறந்தால் அடுப்பைத் திறந்ததுபோல் அனல் முகத்தில் அடிக்கும். சீட் பெல்ட்டின் இரும்பு கையைச் சுடும். அந்த வெயிலில் நான் தலையில் கம்பளிக் குல்லாவும் உடம்பில் தடித்த ஜாக்கெட்டுமாகப் புறப்படுவேன். ஒருநாள் பெட்ரோல் போட நின்ற இடத்தில் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். "நோ, நோ. ஐயம் கோயிங் டு ஐஸ்" என்றேன். அவர் புரிந்ததுபோல் தலையாட்டி, வாசலில் ஐஸ் மூட்டைகள் வைத்திருக்கும் பெட்டியைக் கைகாட்டினார். நான் தேங்க்யூ சொல்லிவிட்டு வந்து காரில் ஏறினேன். பின் சீட்டில் என் மகள் ஜெமிமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நாங்கள் போவது ஐஸ் ரிங்க் என்கிற இடத்துக்கு. நம் ஊரில் இருக்கிற பிள்ளைகளுக்கும், இங்கே பிறந்து எழுத்துக் கூட்டித் தமிழ் வாசிக்கிற பிள்ளைகளுக்கும் சேர்த்து எழுதுகிறேன், அதனால் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். ஒரு பெரிய கல்யாண மண்டபத்தின் தரை முழுவதும் தண்ணீர் ஊற்றி அதை அப்படியே உறைய வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். காலில் கத்தி பொருத்திய பூட்ஸ் போட்டுக்கொண்டு அதன்மேல் வழுக்கி ஆட வேண்டும். நான் தூத்துக்குடிக்காரன். ஐஸ் என்றால் எனக்கு மீன் பெட்டிதான் ஞாபகம் வரும். வெறும் ஐஸ், மீன் வாசனை இல்லாமல், இவ்வளவு பெரிதாக, உள்ளே விளக்கு போட்டதுபோல் மின்னிக்கொண்டு கிடந்ததை முதன்முதலில் பார்த்தபோது சும்மா நின்றுகொண்டே இருந்தேன். கூடப் படிக்கும் பிள்ளை ஒருத்தியின் பர்த்டே பார்ட்டிக்காக ஜெமியை அங்கே கூட்டிப் போயிருந்தேன். மற்ற பிள்ளைகள் கேக் சாப்பிடப் போய்விட்டார்கள். இவள் வரவில்லை. விழுவாள், எழுவாள், மறுபடி விழுவாள். அன்று ஆரம்பித்ததுதான்.

என் மனைவி எஸ்தர் ஹூஸ்டனில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுடைய வேலையால்தான் நாங்கள் அமெரிக்கா வந்தோம். நான் பிளஸ் டூவோடு நிறுத்தியவன். மதியத்துக்கு மேல் ஒரு கடையின் ஸ்டாக் ரூமில் வேலை. ஆகவே காலையில் ஜெமியைப் பிராக்டீஸுக்குக் கூட்டிப் போவது என் பங்கு. அவள் உள்ளே சுற்றுவாள், நான் வெளியே பெஞ்சில் பிளாஸ்க்கில் இருந்து டீ ஊற்றிக் குடித்துக்கொண்டு பார்ப்பேன். அவள் பேசுவது இங்கிலீஷ், நான் பேசுவது தமிழ். இரண்டு பேருக்கும் இரண்டும் புரியும், ஆனால் அவரவர் பாதையில்தான் வண்டி ஓட்டுவோம்.

கொஞ்ச வருஷம் தனியாக ஆடினாள். பிறகு ஜோடி ஸ்கேட்டிங் ஆட வேண்டும் என்றாள். ஒரு பையனும் ஒரு பெண்ணும் சேர்ந்து ஆடுவது அது. ஒரே நேரத்தில் குதிப்பார்கள், ஒரே நேரத்தில் சுழல்வார்கள். பையன் அவளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டே ஐஸில் வளைந்து போவான். சில நேரம் தூக்கி வீசுவான், அவள் காற்றில் சுழன்று ஒற்றைக் காலில் வந்து இறங்க வேண்டும். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. இந்த ஆட்டத்துக்குப் பெண் பிள்ளைகள் நிறைய. பையன்கள் மிகக் குறைவு. ஒரு பையன் ஜோடி தேடுகிறான் என்று தெரிந்தால் எங்கெங்கிருந்தோ பெண்களைக் கூட்டிக்கொண்டு பெற்றோர் போவார்கள். இரண்டு பேரையும் சேர்த்து ஆடவிட்டுப் பார்ப்பார்கள். அதற்கு ட்ரைஅவுட் என்று பெயர். பிறகு பையன் வீட்டார் யோசித்துப் பதில் சொல்வார்கள்.

இதை ஜெமியின் கோச் டானா எனக்கு விளக்கியபோது, மேற்கொண்டு விளக்கவே தேவையில்லை என்று தோன்றியது. எனக்குத் தெரிந்த விஷயமாயிற்றே!

டல்லாஸ் பக்கத்திலிருந்து ஓவன் என்ற பையனும் அவன் அம்மா பெத்தும் வருவதாக ஏற்பாடு. ஓவன் நல்ல உயரம், அமைதியான பையன். அதற்கு முன்பே இரண்டு இடத்தில் ஜெமிக்குச் சரிவராமல் போயிருந்தது. ஒருவன் உயரம் போதவில்லை, இன்னொருவன் படிப்பு என்று போய்விட்டான். இதுவும் தவறினால் இந்த வருஷமும் தனியாகத்தான் ஆட வேண்டும். வயது ஏற ஏற ஜோடி கிடைப்பது கடினம். ஜெமி அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் முதல்நாள் சாயங்காலம் பூட்ஸின் கத்தியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டேன். இந்தியன் ஸ்டோரில் மைசூர்பாகும் முறுக்கும் வாங்கினேன். டியூட்டியில் இருந்த எஸ்தர் வீடியோ காலில் பார்த்துக் கேட்டாள்.

"கையில என்ன?"

"ஸ்வீட், காரம். வர்றவங்களுக்கு."

"பொண்ணு பாக்கவா வர்றாங்க? அப்ப பூ வாங்கலையா? பஜ்ஜி?"

"ஏளா, சும்மா இரு. தூரத்துலருந்து வர்றாங்க."

"வர்றது ஸ்கேட்டிங்குக்குங்க. பாத்துப் பேசுங்க."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

முதலில் வெளியே, ரப்பர் பாய் விரித்த தரையில் ஓவன் ஜெமியைத் தூக்கிப் பழகினான். டானா பக்கத்திலேயே நின்று கை எங்கே, இடுப்பு எங்கே என்று திருத்தினார். பிறகு ஐஸுக்குள் போனார்கள். கை கோத்துச் சும்மா சுற்றி வந்தபோதே ஒன்று கவனித்தேன். அவர்கள் கத்திகள் ஐஸைக் கீறும் சத்தம் ஒரே சத்தமாகக் கேட்டது. அதற்குமுன் வந்த பையன்களோடு அது இரண்டு சத்தமாகக் கேட்கும். ஓவன் தூக்கி வீசிய ஒரு த்ரோவில் ஜெமி தடுமாறி விழுந்தாள். ஈரமான முதுகோடு எழுந்து ஓவனிடம் ஏதோ சொன்னாள், இரண்டு பேரும் சிரித்தார்கள், மறுபடி போனார்கள். இந்த முறை இறங்கி நின்றாள். பிளாஸ்க் மூடியில் இருந்த டீ ஆறிப்போனதுகூட எனக்குத் தெரியவில்லை.

பிறகு ரிங்க்கின் சின்ன கேன்டீனில் பெத்தும் நானும் உட்கார்ந்தோம். அவர் முறுக்கை ஆசையாகச் சாப்பிட்டார். ஜெமியைப் பற்றிச் சொல்லுங்கள், எப்படிப் பயிற்சி செய்வாள், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். நான் முதுகை நிமிர்த்திக்கொண்டு மரியாதையாகச் சொன்னேன்.

"ஷி இஸ் ஓகே ஒன்லி. மெனி திங்ஸ் ஷி ஹாஸ் டு லேர்ன். யுவர் சன் இஸ் வெரி வெரி குட். யூ டிசைட். இஃப் நோ, நோ பிராப்ளம்."

பெத் முறுக்கை மெல்வதை நிறுத்திவிட்டு, "ஓ" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றார். எனக்குத் திருப்தியாக இருந்தது. சரியாகப் பேசிவிட்டேன் என்று நினைத்தேன்.

ஏன் அப்படி நினைத்தேன் என்று சொல்ல வேண்டும். தூத்துக்குடியில் என் அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். வீட்டு வேலை, தையல், கணக்கு என்று எதிலும் அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. எங்கள் அப்பா வந்தவர்களிடம் என்ன சொன்னார் தெரியுமா? "புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. நீங்கதான் பாத்துச் சொல்லிக் குடுக்கணும்." உடனே மாப்பிள்ளையின் அம்மா, "ஒண்ணும் தெரியாத புள்ளையா இம்புட்டு மெத்துமெத்துன்னு பணியாரம் சுட்டிருக்கு? போங்க அண்ணாச்சி!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கல்யாணம் அங்கேயே நிச்சயமானது. நாம் இறக்கிச் சொல்ல வேண்டும், கேட்பவர் ஏற்றிக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் சேர்ந்து செய்கிற வேலை அது. நான் ஓட்டப் பந்தயத்தில் முதலாவது வந்தபோதும் அப்பா வாத்தியாரிடம், "அவன் சும்மா கெடந்து ஓடுவான் சார்" என்றார். அவர் குரலை வைத்தே அவருக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நாங்கள் கிறிஸ்தவர்கள், கண்படும் என்றெல்லாம் சர்ச்சில் பேசமாட்டோம். ஆனாலும் பெற்ற பிள்ளையை நாமே பத்துப் பேர் முன்னால் புகழ்வது, சட்டை போடாமல் கடைத்தெருவில் நிற்பது மாதிரி.

பெத்துக்கு இது எப்படித் தெரியும்? நான் இறக்கி வைத்ததை அவர் அப்படியே அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்த வாரக் கடைசியில் டானா எங்களை நிறுத்திச் சொன்னார். ஓவன் வீட்டாருக்கு ஜெமியின் ஆட்டம் பிடித்திருக்கிறது. ஆனால் அவள் இன்னும் தயாராகவில்லை என்று அப்பாவே நினைக்கிறார், குடும்பத்துக்கும் இதில் பெரிய விருப்பம் இல்லை போலிருக்கிறது என்று தயங்குகிறார்கள். சனிக்கிழமை வேறொரு பெண்ணைப் பார்க்கப் போகிறார்கள். "எப்படியானாலும் பரவாயில்லை என்று சொன்னீர்களா?" என்று கேட்டார். சொன்னேன் என்றேன். ஜெமி தலையைக் குனிந்து பூட்ஸின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

ஃப்ரீவேயில் ரொம்ப தூரம் போன பிறகுதான் வாயைத் திறந்தாள். "அப்பா, ஆம் ஐ ஜஸ்ட் ஓகே?"

"அப்படி இல்லம்மா. நம்ம ஊர்ல அப்படித்தான் சொல்லுவாங்க. அதுக்கு அர்த்தம் வேற."

"பட் ஐ வாஸ் ஹியர், அப்பா. நாட் தேர்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் ஒரு எக்ஸிட்டைத் தவறவிட்டு, சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

எஸ்தர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தூத்துக்குடில பேசுற மாதிரி பேசிட்டு வந்திருக்கீங்க. போன் போட்டு நேராச் சொல்லுங்க" என்றாள்.

"நீ பேசேன். உன் இங்கிலீஷ் நல்லாருக்கும்."

"இங்கிலீஷா பிரச்சனை? இறக்கிச் சொன்னது நீங்க. ஏத்திச் சொல்றதும் நீங்கதான்."

மறுநாள் பிராக்டீஸ் முடிந்ததும், ரிங்க்கின் பார்க்கிங் லாட்டில் காரை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போட்டுவிட்டு பெத்துக்குப் போன் செய்தேன். ஜெமி பக்கத்து சீட்டில் இருந்தாள். இறங்கிப் போகச் சொல்லவில்லை. என் இங்கிலீஷில் நான் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "மேடம், எங்கள் ஊரில் அப்பா தன் பிள்ளையைப் புகழமாட்டார். அதனால் உங்களிடம் தப்பாகச் சொல்லிவிட்டேன். இப்போது சரியாகச் சொல்கிறேன். என் மகள் மிக நன்றாக ஆடுகிறாள். அவள் விழுந்தால், நான் பெஞ்சிலிருந்து எழுவதற்குள் அவள் எழுந்து நின்றுவிடுவாள். வலிக்கிறது என்று ஒருநாளும் லீவு கேட்டதில்லை. நான்தான் கேட்பேன். அவளுக்கு ஓவனோடு ஆட வேண்டும். எங்களுக்கும் வேண்டும். முடியாது என்று நீங்கள் சொன்னால் எங்களுக்குப் பிராப்ளம்தான்."

பெத் சிரித்தார். "ஓவனைத்தான் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று நாங்கள் நினைத்தோம்" என்றார். ஆனால் அந்த இன்னொரு பெண்ணுக்கு வாக்குக் கொடுத்துவிட்டோம், சனிக்கிழமை பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும் என்றார். அது நியாயம்தான். நானும் சரி என்றேன். போனை வைத்தபோது என் காது சுட்டது. ஜெமி ஏசியின் காற்றை என் பக்கம் திருப்பிவிட்டாள்.

சனிக்கிழமை போயிற்று. ஞாயிறு சர்ச்சில் பாட்டுப் பாடும்போது ஜெமி இடையிடையே போனைப் பார்த்ததை எஸ்தர் பார்த்தும் பார்க்காதது மாதிரி இருந்தாள். திங்கட்கிழமை பெத் என்னைக் கூப்பிட்டார். இன்னொரு பெண்ணும் நன்றாகவே ஆடினாளாம். ஆனால் ஓவன் சொன்னானாம்: "தூக்குவதற்கு முன்னால் நான் ஒரு நொடி தயங்கினால், ஜெமி அந்த ஒரு நொடி காத்திருக்கிறாள்." அவன் ஹூஸ்டனில் அத்தை வீட்டில் தங்கி இங்கேயே பயிற்சி செய்வதாக முடிவு செய்துவிட்டார்கள்.

பிள்ளைகளே, உங்கள் அப்பாவும் அடுத்தவரிடம் உங்களைப் பற்றிக் குறைத்துச் சொல்லியிருக்கலாம். அவர் குரலையும் சேர்த்துக் கேளுங்கள். அப்படியும் புரியவில்லை என்றால் நேரே போய்க் கேட்டுவிடுங்கள். கேட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. ஜெமி கேட்டாள்.

ஜோடியாக ஆடப்போகும் முதல் நாள் அது. அதே பார்க்கிங் லாட். ஓவன் முன்னாலேயே வந்து ரிங்க் வாசலில் பையோடு நின்றிருந்தான். ஜெமி கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தவள், திரும்பி உட்கார்ந்தாள்.

"அப்பா, பெத் ஆன்ட்டிகிட்ட இங்கிலீஷ்ல சொன்னீங்கள்ல? அதை எங்கிட்ட தமிழ்ல சொல்லுங்க."

தமிழில் கேட்டாள். இத்தனை வருஷத்தில் ஒரு முழு வாக்கியத்தைத் தமிழில் அவள் என்னிடம் கேட்டது அபூர்வம். முன்பின் தெரியாத ஒரு அம்மாவிடம் அரைகுறை இங்கிலீஷில் சரளமாக வந்த வார்த்தைகள், பெற்ற பிள்ளையிடம் சொந்த பாஷையில் வர மறுத்தன. இரண்டு முறை தொண்டையைக் கனைத்தேன். ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டு, "நீ நல்லா ஆடுறம்மா. ரொம்ப நல்லா ஆடுற" என்றேன்.

அவள் "ஓகே" என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடினாள்.

நான் பழக்கத்தில், யார் காதிலாவது விழுந்திருக்குமோ என்று சுற்றும் முற்றும் பார்த்தேன். வரிசையாகக் கார்கள், வெயில், தூரத்தில் ஃப்ரீவேயின் இரைச்சல். நான் சொன்னது புரிகிற ஆள் ஒருவர்கூட அந்த இடத்தில் இல்லை. அது எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, யாராவது ஒருவர் இருந்து, "போங்க அண்ணாச்சி!" என்று சொல்லியிருக்கலாம் என்றும் இருந்தது.