வராந்தாவில் வைத்த காலிக் கேன்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். மறைத்துப் பிரயோசனமில்லை, என்னிடம் படித்த பிள்ளைகள் ஒருவர் விடாமல் சாட்சி சொல்வார்கள். மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். எரிதல் பாடத்தை எதையும் எரித்துக் காட்டாமல் நடத்தச் சொன்னால் எனக்கு வருகிற கோபம் இருக்கிறதே, அது தனி ரகம்.

அப்படிச் சொன்னவர் புதிதாக வந்த எச்.எம். தமிழாசிரியையாக இருந்து தலைமையாசிரியை ஆனவர். நெருப்பு என்றாலே அவருக்கு ஆகாது.

"அதான் ஸ்மார்ட் போர்டு இருக்கே டீச்சர், வீடியோ போட்டுக் காட்டுங்க. ஏதாவது விபரீதம் ஆச்சுன்னா பெத்தவங்களுக்கு யார் பதில் சொல்றது?" என்றார்.

அவர் கேட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. வீடியோ போட்டேன். முதல் பெஞ்சில் ஒருத்தி கொட்டாவி விட்டாள். அது அப்படியே பின் பெஞ்சு வரை தொற்றிக்கொண்டு போனது. நெருப்பைப் பார்த்துக் கொட்டாவி விடுகிற பிள்ளைகளை என் ஆயுசில் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு வந்ததே ஆத்திரம், நேராக எச்.எம். அறைக்குப் போய்ச் சண்டை பிடித்தேன்.

என் வாய்க்குப் பயந்தாரோ என்னவோ, கடைசியில் இறங்கி வந்தார். "ஒரே ஒரு தடவை. நானே வந்து பார்க்கறேன். ஒழுங்கா நடந்தா மேல பேசலாம். ஏதாவது ஏடாகூடம் ஆச்சு, வருஷம் முழுக்க வீடியோதான். அதுக்கப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

இருக்கிற ஒரு வாய்ப்புக்கு நான் தேர்ந்தெடுத்தது கேன் சோதனை. இருபது லிட்டர் தண்ணீர்க் கேனில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றி, உருட்டி, மிச்சத்தை வடித்துவிட வேண்டும். பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது, ஆவி மட்டும்தான். எட்ட நின்று கேனின் வாயருகே தீயைக் காட்டினால், 'உஸ்ஸ்' என்று பெரிய சத்தத்தோடு ஒரு நீலச் சுடர் கேனுக்குள் இறங்கி, நொடியில் அடங்கிவிடும். எரிவது ஸ்பிரிட் இல்லை, அதன் ஆவி என்று போர்டில் பத்து தடவை எழுதினாலும் ஏறாதது, அந்த நொடியில் மண்டையில் ஏறிவிடும்.

வெள்ளிக்கிழமை, மூன்றாவது பீரியட், ஒன்பதாம் வகுப்பு. ஸ்டாஃப் ரூமிலிருந்து ஒரு காலிக் கேனை எடுத்துவந்து, ஸ்பிரிட்டை உருட்டி வடித்து, மூடி போட்டு, அறிவியல் லேபுக்குள் நெடி அடிக்கக் கூடாதென்று வராந்தாவில் தூண் ஓரமாக வைத்தேன். உள்ளே மணல் வாளி, ஈரச் சாக்கு, எல்லாம் தயார். பிள்ளைகளைச் சுவரோரமாக நிற்க வைத்துவிட்டு, எச்.எம்.மைக் கூட்டிவந்தேன். தூண் ஓரம் கேன் இருந்தது. ஒரு கையால் தூக்கினேன். அசையவே இல்லை.

கேன் நிறையத் தண்ணீர். மூடியில் பிரிக்காத சீல்.

எங்கள் பக்கத்தில் காலிக் கேன் வெளியே இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எடுத்துக்கொண்டு போ, நிறைந்ததை வை. யாரும் யாரையும் கேட்பதில்லை. என் வீட்டு வாசலிலும் நான் தினம் அப்படித்தான் வைத்துவிட்டு வருகிறேன். கேன்காரர் வந்திருக்கிறார், அவர் வேலையை ஒழுங்காகப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

"என்ன டீச்சர், தண்ணியவா எரிக்கப் போறீங்க?" என்றார் எச்.எம்.

சோதனை போனால் போகட்டும். ஸ்பிரிட் ஆவியோடு ஒரு கேன் தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருக்கிறதே! பக்கத்தில் நின்று அவர் பீடி பற்றவைத்தால்? சரியாகக் கழுவாமல் அதில் தண்ணீர் பிடித்து, ஏதாவது ஒரு வீட்டுக் குழந்தை குடித்தால்? 'ஸ்பிரிட் தீர்ந்துபோச்சு, நாளைக்குச் செய்யலாம்' என்று சொல்லிச் சமாளிக்க நாக்கு நுனி வரை வந்தது. வெட்கமாக இருந்தது. உள்ளதைச் சொல்லிவிட்டு, கேன்காரருக்கு போன் போட்டேன்.

"அண்ணா, எங்க இருக்கீங்க?"

"டீக்கடையாண்ட கீறேன் டீச்சர். இன்னா, தண்ணி நாறுதா?"

"வண்டிகிட்ட நின்னு பீடி கீடி பத்த வெச்சிராதீங்க!"

"பீடிய உட்டு ஒரு வருசம் ஆவுது டீச்சர். எவன் போட்டுக் குடுத்தான்?"

பத்து நிமிடத்தில் வந்துவிட்டார். மூன்று சக்கர வண்டி நிறையக் காலிக் கேன்கள். எல்லாம் ஒரே நீலம், ஒரே அளவு.

"இதுல எது உங்க கேனு?" என்றார்.

நான் முழித்தேன். சன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது. "மிஸ், லேபிள் ஒட்டலையா? எங்களுக்கு மட்டும் ரெண்டு மார்க் கட் பண்றீங்க!"

வகுப்பே சிரித்தது. வேறொரு நாளாக இருந்தால் அந்தக் குரலைத் தேடிப் பிடித்திருப்பேன். "எனக்கும் ரெண்டு மார்க் கட்," என்று மட்டும் சொல்லிவிட்டு, மூடி மூடியாகத் திறந்து மோந்து பார்க்க ஆரம்பித்தேன். ஒன்றில் பாசி வாசனை, ஒன்றில் பினாயில் வாசனை. ஏழெட்டுக் கேனுக்குப் பிறகு மூக்கு மரத்துப்போனது.

"தள்ளுங்க," என்று ஒரு சத்தம். எச்.எம். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியருகே வந்துவிட்டார். மூன்றாவது கேனிலேயே நிமிர்ந்தார். "இதோ. ஊசி போடற வாசனை."

கேன்காரருக்கு விஷயம் அப்போதுதான் புரிந்தது. "ஸ்பிரிட்டா? இத்த வெச்சிகினா நான் ஊரெல்லாம் சுத்திகினு வந்தேன்?"

"மன்னிச்சுக்கோங்கண்ணா. தப்பு என்னுது. இந்தக் கேன் இனிமே தண்ணிக்கு வேணாம், லேப்லயே இருக்கட்டும்," என்றேன். அவர் சமாதானம் ஆன மாதிரிதான் இருந்தது. அப்படி இதில் என்னதான் இருக்கிறது என்று பார்க்காமல் நகரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றுகொண்டார்.

எச்.எம். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "வந்தது வந்தாச்சு, செஞ்சு காட்டுங்க," என்றார். ஏடாகூடம்தான் ஆகிவிட்டதே. இந்த வருஷத்துக்கு இதுவே கடைசித் தீ என்று நினைத்துக்கொண்டேன்.

ஒட்டடைக் கம்பின் நுனியில் தீக்குச்சியைக் கட்டி, எல்லோரையும் இன்னும் பின்னால் தள்ளி, விளக்கை அணைத்து, கம்பை நீட்டினேன்.

உஸ்ஸ்ஸ்!

வெயிலில் சுற்றிவந்த கேன் அல்லவா, நான் எதிர்பார்த்ததற்கு மேலேயே ஊளையிட்டது. நீலம் கழுத்திலிருந்து அடி வரை இறங்கி அடங்கியது. வகுப்பு அலறியது. "அய்யோ மாமே!" என்று கேன்காரர் கைதட்டினார். என் இடது கையில் சுருக்கென்று வலித்தது. பார்த்தால், எச்.எம். நகம் பதியப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் உடனே அணைஞ்சிடுச்சு?" என்று கேட்டார். என்னைக் கேட்டாரா, பிள்ளைகளைக் கேட்டாரா தெரியவில்லை.

"உள்ள ஆக்ஸிஜன் தீர்ந்துபோச்சு மேடம்!" என்று நாற்பது பேரும் கத்தினார்கள். போன வாரம் கொட்டாவி விட்ட அதே நாற்பது பேர்.

மணி அடித்து எல்லோரும் போனபின் எச்.எம். என்னிடம் கையை நீட்டினார். "கேன்ல மொதல்ல பேர் எழுதுங்க. அந்தத் தீப்பெட்டியை இப்படிக் குடுங்க."

அவ்வளவுதான், பறிமுதல். கொடுத்தேன். அவர் அதைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார்.

"இதுல நாலு குச்சிகூட இருக்காது போலிருக்கே டீச்சர். பத்தாம் வகுப்புக்கு எப்படிப் போதும்? ஒரு பண்டலா வாங்கி வைக்கச் சொல்றேன்."