மருந்தடிக்கிறவன் வீட்டுக் கத்தரி

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தோட்டம் இருக்கிறது. தோட்டம் என்று சொன்னால் மலையில் இருக்கிற ஏலத்தோட்டக்காரர்கள் சிரிப்பார்கள். நாலு ஜீப்பை நெருக்கி நிறுத்தினால் இடம் முடிந்துபோகும். அதற்குள் ஒரு முருங்கை, ஒரு கொய்யா, ஒரு எலுமிச்சை, கயிற்றில் ஏற்றிவிட்ட அவரை, பன்னிரண்டு கத்தரிச் செடி. எல்லாம் என் சம்சாரம் வைத்தது. அதில் என் பங்கு என்னவென்று கேட்டால், உள்ளே போகாமல் இருந்ததுதான்.

நான் போடிமெட்டுக்கு மேலே ஏலச்செடிக்குப் பூச்சிமருந்து அடிக்கிறவன். இருபத்தஞ்சு வருசமாக அதுதான் சோலி. சாயங்காலம் ஜீப்பிலிருந்து எனக்கு முன்னால் என் வாடை இறங்கும். வீட்டுக்கு வந்தால் வாசல் குழாயிலேயே குளிக்க வேண்டும். உடுப்பை அதற்கென்று இருக்கிற வாளியில் போட வேண்டும். பின்பக்கம் கால் வைக்கக் கூடாது. "நீ நடந்தா எறும்பு சாகும்" என்பாள் சம்சாரம். எறும்புக்கு அடங்கிக் குடித்தனம் நடத்திய ஆம்பிளை போடியில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

போன மாசியில் அவள் இறந்துபோனாள். நெஞ்சு வலிக்கிறது என்றாள். ஆட்டோ தேனியைத் தொடுவதற்குள் முடிந்துவிட்டது.

எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்கள் எல்லாம், பஸ்சுக்கு நிற்கிறவர்கள் ரோட்டைப் பார்ப்பதுபோல, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து காத்திருந்தேன். வரவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மலைக்குப் போய்விட்டேன். சாப்பிட்டால் வயிறு நிறைந்தது, உப்பு தெரியவில்லை. மருந்தடிக்கிறவனுக்கு மரத்துப்போவது புதுசில்லை. சாயங்காலம் விரல் நுனி மரத்திருக்கும், காலையில் சரியாகிவிடும். இது மட்டும் காலையிலும் சரியாகவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டதும் ஆசையினால் இல்லை. தேவாரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிற மகள் தினமும் போனில் கேட்பாள். ஒரே பிள்ளை. அவளுக்கு இது முதல் பிரசவம். ஆறாவது மாசத்திலும் வாந்தி நிற்கவில்லை, எதைத் தின்றாலும் இறங்கவில்லை. ஏழாம் மாசம் வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு இங்கே வருவதாகப் பேச்சு. வருகிறவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அம்மா வச்ச செடியில காய் பறிச்சு, புளிக்கொழம்பு வச்சுத் திங்கணும்ப்பா. அது எறங்கும்."

சரி ஆத்தா என்றேன். என்னிடம் கேட்கக் கூடாததைக் கேட்கிறாள் என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

வளைகாப்புக்கு மூணு வாரம் இருக்கும்போது கத்தரியின் நுனியெல்லாம் வாடித் தொங்கியது. தண்ணீர் பத்தவில்லை என்று நினைத்து இன்னும் விட்டேன். இன்னும் தொங்கியது. பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, உள்ளே புழு இருக்கிறது, வாடின நுனியைக் கிள்ளிக் கொளுத்து, வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்துத் தெளி என்று சொன்னார். என் சம்சாரம் அப்படித்தான் செய்வாளாம். அவள் காலையில் அங்கே குனிந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

மூணு நாள் கிள்ளினேன். நாலாவது நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. காய் எல்லாம் ஓட்டை. மகள் வந்து நிற்கும்போது பறிக்க ஒன்றுகூட இருக்காது என்று தெரிந்துபோனது. அன்றைக்கு மலையில் டிரம்மில் மருந்து கலக்கும்போது, கொஞ்சத்தைக் கால் பாட்டிலில் பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன். டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு வாசிக்கத் தெரியாது. மஞ்சள் மூடி என்றால் புழுவுக்கு, சிவப்பு மூடி என்றால் இலைப்பேனுக்கு. என் படிப்பு மூடியோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு அடித்தேன். இருபத்தஞ்சு வருசத்தில் முதல் தடவையாக என் வீட்டுக்கே மருந்தடிக்கிறேன். நல்லாவே அடித்தேன், இலைக்கு அடியில், தண்டில், பூவில். காற்று வேறு இருந்தது.

பத்து நாளில் செடி ஆளே மாறிவிட்டது. காய் ஒவ்வொன்றும் எண்ணெய் தேய்த்துத் துடைத்ததுபோல மின்னியது. பூச்சி இல்லை, எறும்பு இல்லை. சந்தோசப்பட வேண்டிய இடம் இது என்று எனக்குத் தெரிந்தது. சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் ஜீப்பில் போகும்போது, என்னோடு மருந்தடிக்கிறவன் ஒருத்தனிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவன் சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"மாப்ளே, மருந்தடிச்ச ஏலத்துல எத்தன நாளைக்குக் காயெடுக்க விட மாட்டாரு கங்காணி?"

"இருவது நாளு."

"அது காய வச்சு, டீயில ஒண்ணு ரெண்டு தட்டிப் போடுறது. நீ மாசமா இருக்க பிள்ளைக்குக் கொழம்பு வைக்கப் போற."

எனக்கு இது தெரியாதது இல்லை. இருபது நாளைக்கு உள்ளே கை வைக்காதே என்று புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவனே நான்தான். மலையில் தெரிந்த விஷயம் போடிமெட்டைத் தாண்டிக் கீழே இறங்கவில்லை. வீட்டில் இருந்தது காய், மலையில் இருந்தது மருந்து. ரெண்டையும் சேர்த்துப் பார்க்கிற ஆள் மாசியிலேயே போய்விட்டாள்.

மகள் வருவதற்குள் எல்லாவற்றையும் பறித்துக் குழியில் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் நினைத்தேன். நினைப்போடு சரி.

வளைகாப்பு முடிந்து கை நிறையப் பச்சை வளையலோடு வந்தாள். எலும்பும் வயிறுமாக இருந்தாள். பையை வைத்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் சொளகை எடுத்துக்கொண்டு நேராகத் தோட்டத்துக்குப் போனாள். அவளை முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். நானோ, காய்க்கு முகப்பவுடர் போட்டு வைத்திருக்கிறேன் என்று தமாஷ் பண்ணினேன். சிரித்தாள். எட்டுக் காய் பறித்தாள். ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அம்மாவுக்கே இப்படிக் காய்த்ததில்லை என்றாள்.

அடுப்பைப் பற்றவைத்து, புளி கரைத்து, எண்ணெய் ஊற்றினாள். கடுகு வெடித்தபிறகுதான் எனக்கு வாய் திறந்தது.

"அது வேணாந்தா. மருந்தடிச்சிருக்கேன்."

"என்னா மருந்து?"

"மலை மருந்து."

அடுப்பை அணைத்தாள். என்றைக்கு அடித்தேன் என்று கேட்டாள், சொன்னேன். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள், இருபது வரவில்லை.

"கொய்யாவுல?"

"அதுலயும் பட்டிருக்கும். காத்து அடிச்சுச்சு."

மோரை ஊற்றி ரெண்டு வாய் சாப்பிட்டாள். அதுவும் கொஞ்ச நேரத்தில் வாசல் குழாயடியில் வெளியே வந்துவிட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு போய்ப் படுத்தாள்.

அறுத்து வைத்த காய் அப்படியே கிடந்தது. அவள் தூங்கும்போது அதை நான் வதக்கினேன். எறிய மனசில்லை என்று சொன்னால் பொய். மனசு என்று ஒன்று அந்த நேரத்தில் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது. காய் இருந்தது, சோறு இருந்தது, உட்கார்ந்து பிசைந்தேன். ரெண்டு வாய் போயிருக்கும். கதவுப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது.

"என்னாப்பா திங்கிற?"

இருபத்தஞ்சு வருசமாக மூக்கு வழியாகத் தின்றது, இன்றைக்கு வாய் வழியாகத் தின்கிறேன், மருந்துக்கே நான் பழகிப்போயிருப்பேன் என்றேன். நல்ல தமாஷ்தான். ஜீப்பில் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து என் தட்டை எடுத்தாள். பின்னால் குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினாள். வெறும் தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"அம்மாவுக்காக ஒரு ஆட்டோவுக்கு நான் ஓடியாந்தது போதும். ரெண்டாவது ஆட்டோவுக்கு என்னால முடியாது. பிள்ளைய எங்க வச்சுட்டு ஓட?"

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் ஒட்டியிருந்தது. கையைக் கழுவச் சொன்னாள். கழுவினேன்.

மறுநாள் நான் செடியைப் பிடுங்கப் போனேன். பிடுங்க வேண்டாம், முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடு, புதுசாகத் தழைக்கும் என்று பின்வாசலில் நின்றபடி சொன்னாள். பிரசவத்துக்குள் காய்க்குமா என்று கேட்டேன். பாப்போம் என்றாள். காயையும் தழையையும் குழியில் போட்டு மூடினேன். அவள் சொல்லச் சொல்ல எதை வெட்டுவது, எதை விடுவது என்று செய்தேன். என் சம்சாரத்தின் அதட்டல் குரல் அப்படியே இருந்தது. அதைக் கேட்டால் ஏதாவது வரும் என்று கொஞ்சம் நின்று பார்த்தேன். வரவில்லை. வெரசா வெட்டுப்பா என்றாள். வெட்டினேன்.

மூணு வாரமாகிறது. இஞ்சி தட்டிப் போட்ட கஞ்சி அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சம் இறங்குகிறது. வெட்டின கத்தரியில் சாண் நீளத்துக்குத் துளிர் வந்திருக்கிறது, இன்னும் பூவெடுக்கவில்லை. ஜீப் வருவதற்கு முன்னால் தினமும் குனிந்து பார்க்கிறேன். நேற்று ஒரு நுனி வாடித் தொங்கியது. கிள்ளி நகத்தால் பிளந்தேன். உள்ளே புழு இருந்தது, நெளிந்தது.

உள்ளங்கையில் வைத்துக் கொண்டுபோய் அவளிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"உசுரோட இருக்குப்பா. மருந்து போயிருச்சு."

"ஆமாத்தா."

தன் கஞ்சி உலையில் இன்னும் ஒரு கை அரிசி போட்டாள். புழுவை என்ன செய்வதென்று அவள் சொல்லவில்லை. வெளியே ஜீப்பில் ஹாரன் அடித்தார்கள். கையை மூடாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.