அத்தான் தூக்கிய தாம்பாளம்

என் அக்கா சாவித்திரியைக் கட்டிய துரைராசு அத்தான் செய்த தொழில்களைச் சொல்லி மாளாது. உர டிப்போ வைத்தார், மூடினார். கதிரடிக்கும் மிஷின் வாங்கினார். அது வந்து இறங்கிய வருஷம் அடிக்கக் கதிர் இல்லை. நடுவில் அரசியலும் பார்த்தார். ஆட்சி மாறினால் அவர் வேட்டியின் கரையும் மாறும். ஆனால் மனிதர் எதையும் நாலு வருஷம் யோசித்துத்தான் செய்வார் என்பதால், அவர் போய்ச் சேரும் நேரம் அந்தக் கட்சி கோட்டையைக் காலி செய்துகொண்டிருக்கும். மாநாட்டுக்கு லாரியில் ஆள் ஏற்றியதுதான் அவர் பொதுவாழ்வில் கண்ட ஒரே பலன். அந்த அனுபவம் வீண்போகவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன் அந்த மூன்று மா நிலத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஒரு ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாபநாசத்துக்குக் கிழக்கே, வாய்க்காலை ஒட்டியது. என் அப்பா அக்காவுக்கு மஞ்சக்காணியாகக் கொடுத்தது. அதை மருதையனின் அப்பா காலத்திலிருந்து அவர்கள் குடும்பம்தான் குத்தகைக்கு உழுதது. இது ஊருக்கே தெரியும். கோர்ட்டில்தான் யாருக்கும் தெரியாது. ஏனென்றால் அத்தானுக்கு அதை மனைபோட்டு விற்கும் ஆசை வந்தது. குத்தகைக்காரன் இருக்கும் நிலத்தை எவனும் வாங்க மாட்டான். ஆகவே, "மருதையன் என்பவர் குத்தகைதாரரே அல்ல, எப்போதாவது கூலிக்கு வந்தவர்" என்று அக்கா பெயரில் ஒரு வழக்கு. அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு இரண்டு நாள் அத்தானோடு பேசவில்லை. மருதையனும் விடவில்லை, விவசாயச் சங்கத்துக்காரர்களோடு போய் வாய்தாவுக்கு நின்றான். தீர்ப்பு வரும்வரை யாரும் இறங்கக் கூடாது என்று உத்தரவு. வருஷக்கணக்கில் அந்த நிலத்தில் சீமைக் கருவை மட்டும் போகம் தவறாமல் விளைந்தது. மருதையனும் அவன் பெண்சாதி காத்தாயியும் பக்கத்து வயலில் கூலிக்கு நட்டுக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயிறெரியும். அத்தானுக்கு எரியாது, அவர் அப்போது அமுதகலசத்தில் சேர்ந்திருந்தார்.

அமுதகலசம் என்பது ஒரு பொடி. வறுத்த வெந்தயமும் தீய்ந்த வெல்லமும் கலந்த வாசனை. சர்க்கரை, மூட்டுவலி, மலட்டுத்தன்மை, பரீட்சை பயம் எல்லாவற்றுக்கும் ஒரே டப்பா. கடையில் கிடைக்காது, ஆள் மூலமாக ஆளுக்குத்தான் போகும். நீங்கள் அஞ்சு பேரைச் சேர்க்க வேண்டும், அந்த அஞ்சு பேர் ஆளுக்கு அஞ்சு பேரைச் சேர்க்க வேண்டும், இப்படியே போனால் தஞ்சாவூர் ஜில்லா முடிந்து கர்நாடகாவுக்குள் நுழைந்துவிடலாம். தண்ணீர்தான் அங்கிருந்து வரவில்லை, பொடியாவது இங்கிருந்து போகட்டும்.

அத்தானைச் சேர்த்துவிட்டவர் நாகநாதன். சித்திரை வெயிலில் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு தஞ்சாவூரில் திரிந்த ஒரே மனிதர். அவர் அத்தானுக்குச் சொல்லிக்கொடுத்த பாடங்கள் இவை: கைக்கு எட்டும் தூரத்தில் வருகிற எவனும் வாடிக்கையாளன்தான். முதலில் சொந்தக்காரனைப் பிடி. எடுத்ததும் பொடியைப் பற்றிப் பேசாதே, அவன் கனவைப் பற்றிக் கேள். யாரையும் மரியாதையாக 'நீங்க' போட்டுப் பேசு. முக்கியமாக, எதற்குக் கூப்பிடுகிறோம் என்று சொல்லிவிடாதே. சொன்னால் வர மாட்டான்.

கடைசிப் பாடத்தில் மட்டும் உண்மை இருந்தது.

கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த முதல் சொந்தக்காரன் நான். பாபநாசத்தில் என் சைக்கிள் கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

"மாப்ள, உன் கனவு என்ன?"

"நேத்து தூங்கவே இல்லத்தான். கொசு."

"அது இல்ல மாப்ள. இன்னும் அஞ்சு வருசத்துல நீ எங்க இருக்கணும்னு நெனைக்கிற?"

"இங்கதான். பஞ்சர் ஒட்டிக்கிட்டு."

"ஒரு பெரிய வாய்ப்பு வந்தா?"

"என்ன வாய்ப்பு?"

"அத இப்ப சொல்லக்கூடாது. ஞாயித்துக்கெழம தஞ்சாவூர் வா."

அக்கா முகத்துக்காக ஒரு டப்பா வாங்கினேன். இன்னும் பரண்மேல் இருக்கிறது. எலி கூட மூடியைக் கடிக்காமல் விட்டிருக்கிறது.

அடுத்து ஊர். டீக்கடையில் ஐயாவு பெரியப்பாவிடம் கனவு என்ன என்று கேட்டார். "மேட்டூர் தொறக்கணும்டா. அதுக்கு ஒன் டப்பால ஏதாவது இருக்கா?" என்றார் பெரியப்பா. யாரும் சிரிக்கவில்லை. மூன்று வருஷமாகக் குறுவை இல்லாத ஊரில் அது வேடிக்கைப் பேச்சில்லை. அத்தானோ, "இருக்கு பெரியப்பா, ஆனா இப்ப சொல்லக்கூடாது" என்று பாடம் ஒப்பித்தார். கும்பகோணம் பஸ்ஸில் கண்டக்டரிடம் கேட்டார். கண்டக்டர் விசில் ஊதி அவரை வழியிலேயே இறக்கிவிட்டார். எல்லாவற்றுக்கும் மேல், வடக்குத்தெருவில் ஒரு சாவு வீட்டுக்குப் போய், இறந்தவரின் மச்சினனைத் தனியே அழைத்து, "ஆறு மாசம் முன்னாடி இந்தப் பொடிய ஆரம்பிச்சிருந்தா அண்ணன் இன்னிக்கு நம்மளோட உக்காந்திருப்பாரு" என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார். பாடைக்கு முன்னால் அந்த வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போகப்பட்டது அத்தான்தான்.

அதற்குப் பிறகு அவர் வருகிற தெருவில் ஆள் நடமாட்டம் நின்றது. கோயிலில் அவர் பக்கத்தில் நின்று சாமி கும்பிடக்கூட ஆளில்லை. ஆனால் நாகநாதன் விடவில்லை. சித்திரை இரண்டாம் ஞாயிறு தஞ்சாவூரில் பெரிய கூட்டம். இருபத்தைந்து பேரோடு வந்தால் அத்தானுக்கு 'வெள்ளி' பட்டம், மேடையில் மாலை. வராவிட்டால் அவ்வளவுதான்.

"உங்க பக்கத்துல மரியாதையா எப்படி அழைப்பாங்க? அப்படி அழைங்க சார்" என்றாராம்.

அத்தானுக்குப் பொறி தட்டியது. எங்கள் பக்கத்தில் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டினால், பகையாளி கூட வேண்டாம் என்று சொல்ல மாட்டான். அக்கா கோயிலுக்காக்கும் என்று நினைத்துத் தாம்பாளத்தைப் புளிபோட்டு விளக்கிக் கொடுத்தாள். வெற்றிலை, பாக்கு, மேலே மங்கலத்துக்கு ஒரு ரூபாய்க் காசு. மேலத்தெருவில் எல்லா வீடும் ஏறி இறங்கினார். எல்லோரும் வெற்றிலையை வாங்கினார்கள், நன்றாக மென்றார்கள், ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருக்க மாட்டோம் என்றார்கள். அந்த ஞாயிறு எங்கள் மேலத்தெருவே காலியாக இருந்திருக்க வேண்டும்.

மீதி வெற்றிலையோடு அத்தான் வாய்க்காலைத் தாண்டி, மருதையன் குடியிருக்கும் கீழத்தெருப் பக்கம் நடந்தார். "பின்னாலயே போடா, எங்கயாவது அடிவாங்கப் போறாரு" என்று அக்கா என்னை அனுப்பினாள். அதனால்தான் இதை நான் கண்ணால் பார்த்தேன்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். குத்தகைக்கு எங்களிடம் எழுத்து கிடையாது. சித்திரையில் முதல் உழவுக்கு நல்லேர் பூட்டுகிற வாரத்தில், அது அந்த வாரம்தான், நிலத்துக்காரர் தட்டில் வெற்றிலை பாக்கும் ஒரு ரூபாயும் வைத்துக் கொடுப்பார். வாங்கிக்கொண்டால் அந்த வருஷம் நிலம் உழுகிறவன் கையில். நிலத்துக்காரர் தன் வீட்டு வாசலில் நின்றுதான் கொடுப்பார். கீழத்தெருவுக்குத் தாம்பாளம் தூக்கிக்கொண்டு வந்த நிலத்துக்காரர் அதுவரை பிறக்கவில்லை. அத்தானுக்கு இது தெரியாதா? பால்குடி மறந்த நாளிலிருந்து தெரியும். ஆனால் இருபத்தைந்து தலையை எண்ணிக்கொண்டிருக்கிற மூளையில் வேறு எதற்கும் இடமில்லை.

மருதையன் வாசலில் கூடை பின்னிக்கொண்டிருந்தான். எழுந்தான். துண்டு தோளிலேயே இருந்தது. அவன் அப்பாவாக இருந்தால் இடுப்புக்கு வந்திருக்கும்.

"வாங்க" என்றான்.

"மருதையன், நீங்க சவுக்கியமா?" என்றார் அத்தான்.

காத்தாயி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். இத்தனை வருஷம் சங்கம் கொடி பிடித்து வராத அந்த 'நீங்க'வை ஒரு டப்பா பொடி வரவழைத்துவிட்டது.

"எதுக்குங்க தட்டு?"

"அத இப்ப சொல்ல மாட்டேன். ஞாயித்துக்கெழம தஞ்சாவூர்ல எல்லார் முன்னாடியும் சொல்லுவாங்க. பழசெல்லாம் மறந்துடுங்க. இனிமே நீங்களும் நானும் ஒண்ணா சேந்துதான். உங்க வாழ்க்கையே மாறப்போவுது."

மருதையன் தாம்பாளத்தைப் பார்த்தான். வெற்றிலையைப் பார்த்தான், காசைப் பார்த்தான்.

"அக்காவுக்குத் தெரியுங்களா?"

"அவதான் தட்டையே வெளக்கிக் குடுத்தா!"

"செத்த இருங்க" என்று சொல்லிவிட்டு மருதையன் தெருவையே கூப்பிட்டான். கிழவர்கள், பெண்கள், சங்கத்து அரசப்பன் எல்லோரும் வந்து நின்றார்கள். அவர்கள் முன்னால், இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டான். காத்தாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அத்தான் என் விலாவில் இடித்தார். "பாத்தியா மாப்ள? இதான் அப்ரோச்சு!"

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வாயைத் திறப்பேனா? எதற்குக் கூப்பிடுகிறோம் என்று சொல்லக்கூடாது என்பது கம்பெனி விதி. நான் விதியை மதித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கீழத்தெரு முழுக்க அத்தான் பிடித்த வேனில் தஞ்சாவூர் மண்டபத்தில் வந்து இறங்கியது. பெண்கள் தலைநிறையப் பூ வைத்திருந்தார்கள். நாகநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. அத்தானுக்கு மாலை போட்டார், சட்டையில் வெள்ளிப் பட்டத்தைக் குத்தினார், மருதையனை மேடைக்கு அழைத்து மைக்கைக் கையில் கொடுத்தார்.

"ஐயா, கூச்சப்படாம சொல்லுங்க. உங்க கனவு என்ன?"

"என் கனவு பலிச்சிடுச்சுங்க" என்றான் மருதையன். "எங்கப்பா உழுத மூணு மா. அத நாங்க குத்தகைக்கு உழுததே இல்லன்னு எங்கள கோர்ட்டுல நிக்க வச்சாங்க. போன செவ்வாக்கெழம இவரு எங்க வூட்டுக்கே தேடி வந்து, தெருவே பாக்க வெத்தல பாக்கு குடுத்து, உழுன்னு சொல்லிட்டாருங்க. இனிமே நான் என்னத்தக் கேக்கறது?"

மண்டபம் கைதட்டியது. நாகநாதன் விஷயம் என்னவென்று தெரியாமலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுதான் அமுதகலசம்!" என்று கத்தினார். கழுத்தில் மாலையோடு நின்ற அத்தானின் முகம் அவித்த கத்தரிக்காய் மாதிரி ஆகிவிட்டது. கைதட்டுகிற கூட்டத்தின் முன்னால் எந்த அரசியல்வாதி இல்லையென்று சொல்லியிருக்கிறான்? கும்பிட்டார். ஒரு டப்பா கூட விற்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றுவதற்கு முன் வக்கீலுக்குப் போன் போடப் போனார். "மீட்டிங்குக்குத்தான் கூப்புட்டேன்னு சொல்லிப்புடலாம். வெத்தலைக்கு ரசீதா இருக்கு?"

அக்கா போனைப் பிடுங்கி வைத்தாள். நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

"நெலம் யாருது?"

"ஒன்னுதுதான். அதுக்கென்ன?"

"எங்கப்பா குடுத்தது. நீங்க நீட்டுன எடத்துல கையெழுத்துப் போட்டுட்டு, காத்தாயி மொகத்தப் பாக்க முடியாம நான் வாய்க்காப் பக்கமே போறதில்ல. தெரியுமா ஒங்களுக்கு? நம்மகிட்டயும் ஒரு பொண்ணு இருக்கா. குடுத்த வெத்தலைய இல்லன்னு சொன்ன வூட்டுக்கு நாளைக்கு எவன் தட்டு தூக்கிட்டு வருவான்? நானே போயி கேச வாபஸ் வாங்கப்போறேன். வழிய விடுங்க."

சொன்னபடியே செய்தாள். துணைக்கு நான் போனேன். அத்தான் ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. பிறகு பேசினார், ஆனால் கனவைப் பற்றி இல்லை. நாகநாதன் அடுத்த மாதம் ஊரில் இல்லை. டைகூட இல்லாமல் போயிருப்பார்.

புரட்டாசியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. ஒரு காலை மருதையன் அக்கா வீட்டு வாசலில் தாம்பாளத்தோடு நின்றான். அத்தான் தட்டைப் பார்த்ததும் கொல்லைப்பக்கம் போய்விட்டார். அங்கிருந்தே, "என்ன விசயம்னு மொதல்ல கேளு சாவித்திரி. சொல்லாம கூப்புட்டா போவாத" என்றார்.

"சொல்லித்தானுங்க கூப்புடறேன்" என்றான் மருதையன். "நாளைக்கு மூணு மாவுல நடவு. நீங்க ரெண்டு பேரும் வந்து மொத நாத்து முடி எடுத்துக் குடுக்கணும்."

போனோம். கருவை நின்ற இடம் தெரியாமல் சேறு மட்டமாகக் கிடந்தது. அக்கா காத்தாயியின் கையைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே நின்றாள், விடவில்லை. அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி முதல் நாற்று முடியை எடுத்துக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு மருதையன் கொஞ்சம் தயங்கினான்.

"அன்னிக்கு அவ்வளவு பேரு வந்தும் நாங்க ஒண்ணும் வாங்கலிங்க. ஒங்களுக்குச் சங்கடமா போயிருக்கும். அந்தப் பொடி ஒரு டப்பா குடுங்க, எடுத்துக்கறேன்."

இத்தனை மாதம் ஊர் ஊராகத் தேடியும் கிடைக்காத வாடிக்கையாளன். தானாகக் கேட்கிறான், கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கிறான். நான் அத்தான் முகத்தைப் பார்த்தேன்.

"வேணாங்க மருதையன்" என்றார் அத்தான். "அது ஒண்ணுத்துக்கும் ஆவாது. தவிட்டுல கலந்து மாட்டுக்கு வச்சேன். மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு."

காத்தாயி சிரித்த சத்தத்தில் நடவுப் பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அத்தான் குனிந்து அடுத்த முடியை எடுத்தார்.